பார்த்தும் தெரியாத மோட்டார்

 இன்றைக்கு ஒரு கேள்வியோடு தொடங்குவோம். நம் மலேசியாவின் லூமுட்டில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது இந்தக் கேள்வி வந்திருக்கும்.

அப்பா தன் வழியில் ஒழுங்காகப் போகிறார். நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிகிறது. எதிரே வந்த கார் சட்டென்று வலப்பக்கம் திரும்பிக் குறுக்கே வந்துவிடுகிறது! அப்பா பிரேக் பிடித்துவிட்டார், நல்லவேளை. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "மன்னிச்சிருங்கண்ணே, பார்க்கவே இல்லை" என்கிறார்.

பட்டப்பகல். இவ்வளவு பெரிய மோட்டார். அதன்மேல் இரண்டு ஆள். எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பார்? பொய் சொல்கிறாரா?

உனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதே, அதற்கே உன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். பெரியவர்கள் பலர் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீ ‘ஏன்’ என்று கேட்டாய். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரும் இப்படித்தான் கேட்டார். 1970களில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் விபத்து நடந்த இடங்களுக்கே அவருடைய குழு போனது. ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். 1981இல் அறிக்கை வெளிவந்தது. மோட்டாரும் காரும் மோதிய விபத்துகளில் அதிகம் நடந்தது எப்படித் தெரியுமா? மோட்டார் நேராகப் போகிறது, கார் அதன் குறுக்கே திரும்புகிறது. நம் நாற்சந்தியில் நடக்கப் பார்த்ததும் அதுதானே? கார்க்காரர்கள் பலர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "பார்க்கவில்லை", இல்லாவிட்டால் "பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது".

இத்தனை பேரும் பொய் சொல்லியிருப்பார்களா? இல்லை, கண்ணு. பெரும்பாலோர் உண்மையைத்தான் சொன்னார்கள். கண் பார்க்கிற விதத்திலேயே சில ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணன் மாமரத்தில் ஏறிப் பழம் பறிக்கிறான் என்று வைத்துக்கொள். ஒரு பழத்தை உன் பக்கத்தில் இருக்கும் தங்கைக்கு வீசுகிறான். அது இடமிருந்து வலமாகப் பறப்பது உனக்கு நன்றாகத் தெரிகிறது. அடுத்த பழத்தை நேராக உன் முகத்துக்கே வீசுகிறான். இப்போது பழம் பக்கவாட்டில் நகரவே இல்லை. ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. முதலில் மெதுவாகப் பெரிதாகிறது. கடைசி நொடியில் ‘விசுக்’கென்று பெரிதாகி மூக்கில் விழுகிறது!

புரிகிறதா? நம் கண் பக்கவாட்டு அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். நேராக நம்மை நோக்கி வருவதைப் பிடிக்கத் தடுமாறும். எதிரே காத்திருக்கும் கார்க்காரருக்கு உன் அப்பாவின் மோட்டார் அந்த இரண்டாவது மாம்பழம்தான்.

எவ்வளவு தடுமாறும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாமா? பயப்படாதே, வகுத்தல் தெரிந்தால் போதும்.

மோட்டார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆள் உட்கார்ந்த ‘கப்சாய்’ என்கிற சின்ன மோட்டாரின் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். அது 80 மீட்டர் தள்ளி இருக்கும்போது கார்க்காரரின் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரியும்? வானத்து முழுநிலாவின் அகலம்தான். அவ்வளவு சின்னது.

தூரம் பாதியானால் உருவம் இரு மடங்காகும். 80 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு வர மோட்டாருக்கு 2.4 நொடி ஆகிறது. உருவம் இரு மடங்கு ஆகிவிட்டது. 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வர 1.2 நொடிதான். மறுபடியும் இரு மடங்கு. 20இலிருந்து 10 மீட்டருக்கு 0.6 நொடி. மறுபடியும் இரு மடங்கு!

கவனித்தாயா? மோட்டாரின் வேகம் கூடவே இல்லை. ஆனால் முதலில் சோம்பலாக வளர்ந்த உருவம் கடைசியில் வெடிப்பது போல வளர்கிறது. திரும்பலாமா வேண்டாமா என்று கார்க்காரர் முடிவெடுப்பது அந்தச் சோம்பல் நேரத்தில். "இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது, திரும்பிவிடலாம்" என்று நினைக்கிறார். திரும்பிய பிறகுதான் மோட்டார் ‘திடீரென்று முளைக்கிறது’.

இன்னொன்றும் உண்டு. பெரிய பொருள் சீக்கிரம் வந்துவிடும், சின்னப் பொருள் மெதுவாக வரும் என்று நம் மனம் தானாகவே கணக்குப் போடுகிறது. ஒரே வேகத்தில் லோரியும் மோட்டாரும் வந்தால், லோரிக்கு வழிவிடுகிறவர் மோட்டாருக்கு முன்னால் திரும்பத் துணிகிறார். லோரிக்குப் பயப்படுகிறார் என்று மட்டும் நினைக்காதே. அவர் கண்ணுக்கு மோட்டார் உண்மையிலேயே மெதுவாகத் தெரிகிறது.

சரி, இப்போது லூமுட் பிள்ளைகளுக்கே உரிய பாடம் ஒன்று. வா, படகுத்துறைக்குப் போவோம்.

பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரியில் ஏறியிருப்பாய். மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தால் இந்தத் துறையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று உனக்கே தெரியும். ஒரு பக்கம் ஃபெரி, மறுபக்கம் மீன்பிடிப் படகு, இன்னொரு பக்கம் கடற்படைக் கப்பல். அரச மலேசியக் கடற்படையின் தளமே இங்கேதானே இருக்கிறது? இத்தனை கலங்களும் ஒன்றையொன்று இடிக்காமல் எப்படிப் போகின்றன?

கப்பலோட்டிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கடலில் மோதலைத் தடுப்பதற்காக 1972இல் உலக நாடுகள் சேர்ந்து எழுதிய விதிகளில் அது ஏழாவது. தூரத்தில் வரும் கப்பல் எந்தத் திசையில் தெரிகிறது என்று திசைகாட்டியில் பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார். திசை மாறியிருந்தால், அது நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும். திசை மாறாமல், நெருங்கி மட்டும் வந்தால்? அது நம்மேல் மோத வருகிறது!

எவ்வளவு அழகான விதி பார்! கடலில் நகராமல் நிற்பது போலத் தெரிகிற கப்பல்தான் ஆபத்தான கப்பல்.

சாலையிலும் இதேதான். லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வழியாக ஈப்போ போகும் பெரிய சாலையை நினைத்துக்கொள். வழி நெடுகச் செம்பனைத் தோட்டப் பாதைகளும் கம்பத்துச் சாலைகளும் வந்து சேர்கின்றன. அப்படி ஒரு சிறு சாலையிலிருந்து ஒரு கார் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சந்திப்பை நோக்கி வருகிறது. பெரிய சாலையில் ஒரு மோட்டார் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சந்திப்பைத் தொடப் போகின்றன.

சந்திப்புக்கு 4 நொடி இருக்கும்போது கார் 40 மீட்டர் தள்ளி, மோட்டார் 60 மீட்டர் தள்ளி. 2 நொடி இருக்கும்போது 20, 30. 1 நொடி இருக்கும்போது 10, 15. விகிதத்தைப் பார்: எப்போதும் இரண்டுக்கு மூன்று. விகிதம் மாறாவிட்டால் கோணமும் மாறாது. ஒரு தாளில் கோடு போட்டுப் பார், முக்கோணம் சுருங்கும், ஆனால் சாயாது. கார்க்காரருக்கு அந்த மோட்டார் கண்ணாடியில் ஒரே புள்ளியில் ஒட்டிவைத்தது போல நிற்கும்.

அந்தப் புள்ளியில் கண்ணாடி இல்லாமல் காரின் தூண் இருந்தால்?

காரின் முன் கண்ணாடிக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில், கூரையைத் தாங்குகிற தூண் இரண்டு பக்கமும் இருக்கிறதல்லவா? இப்போதைய கார்களில் அது நன்றாகவே தடிமன். கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் காப்பது அதுதான். ஆனால் ஒரு ஆளும் மோட்டாரும் முழுதாக ஒளிந்துகொள்ள அந்தத் தூண் போதும். நம்ப முடியவில்லையா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை மறு கண்ணுக்கு அருகில் பிடி. வாசலில் நிற்கும் தென்னை மரமே காணாமல் போகிறதா? நாலு நொடியும் மோட்டார் தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்கிறது. கார்க்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார். பார்த்தது தூணைத்தான்.

உன் வீட்டில் அம்மாவோ சித்தப்பாவோ கார் ஓட்டினால் இதைச் சொல்லு. சந்திப்பில் உட்கார்ந்த நிலையில் தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பை முன்னால் சாய்த்து, பிறகு பின்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அப்போது வெளியே வந்துவிடும்.

இரண்டு முறை பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடியும் ஒரு நண்பனும் வேண்டும்.

கண்ணாடி முன் நில். உன் இடது கண்ணைப் பார். இப்போது வலது கண்ணைப் பார். மறுபடியும் இடது. உன் கண்விழி நகர்வது உனக்குத் தெரிகிறதா? தெரியாது! ஆனால் பக்கத்தில் நிற்கும் நண்பனைக் கேள், நன்றாக நகர்கிறது என்பான். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது மூளை அந்த நேரத்துக் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. இல்லையென்றால் உலகமே கலங்கித் தெரியும். ரேமண்ட் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சந்திப்பில் அவசரமாக வலம், இடம் என்று தலையை வெட்டித் திருப்புகிறவரின் கண் இரண்டு மூன்று தாவல்தான் தாவும். தாவலுக்கு நடுவில் வருகிற சின்ன மோட்டார் விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தை மூளை வெறும் சாலையாக நிரப்பிக்கொள்ளும். அவர் சத்தியம் செய்வார், "சாலை காலியாக இருந்தது" என்று. பள்ளி விடுமுறையில் பங்கோருக்கு வரும் வெளியூர்க்காரர்களை நினைத்துப் பார். அவர்கள் கண் தேடுவது படகுத்துறைப் பலகையை, கார் நிறுத்த இடத்தை. மோட்டாரை யார் தேடுகிறார்கள்?

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். எனக்கு இது மனத்தை மிகவும் வருத்துகிற செய்தி. தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை செய்து, ஒரு கப்சாய் மோட்டாரை வைத்துக் குடும்பத்தையே நடத்துகிறவர்கள் இவர்கள். கார்க்காரர் பார்ப்பார் என்று நம்பி இருந்துவிட முடியாது. மோட்டார் ஓட்டுகிறவர் தன்னைப் பார்க்க வைக்க வேண்டும்.

அதற்கு நம் நாடு ஒரு நல்ல வேலை செய்தது. 1992 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. பகலிலும் மோட்டாரின் முன்விளக்கு எரிய வேண்டும். வெயில் கொளுத்தும்போது விளக்கா என்று சிரிக்காதே! பேராசிரியர் ராடின் உமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மோட்டார் கண்ணில் படாததால் நடக்கும் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சின்ன விளக்கு செய்த வேலை! என்னைக் கேட்டால், நம் சாலை வரலாற்றிலேயே இவ்வளவு மலிவாகக் கிடைத்த பெரிய நன்மை இதுதான் என்பேன். இப்போது வருகிற மோட்டார்களில் பல, ஸ்டார்ட் செய்ததும் தானே விளக்கைப் போட்டுக்கொள்கின்றன. பழைய மோட்டாரில் பொத்தானை அழுத்த வேண்டும். பல்பு எரிந்து போயிருந்தால் அப்பாவுக்குத் தெரியாது. முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல உன்னால் முடியும்.

விளக்கு போதுமா? போதாது. மாம்பழத்தை மறந்துவிட்டாயா? நேராக வருவது தெரியாது, பக்கவாட்டில் அசைவது தெரியும். அப்படியானால் என்ன செய்யலாம்? கொஞ்சம் யோசி.

சபாஷ்! பக்கவாட்டில் அசைய வேண்டும். சந்திப்பு வருவதற்கு முன்பே, பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, தன் தடத்துக்குள்ளேயே இடப்பக்கத்திலிருந்து மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து வரலாம். பின்னணியில் இருக்கும் மரங்களுக்கு எதிரே மோட்டார் அசைவது போலத் தெரியும். கண் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். கோணமும் மாறிவிடுவதால் தூணுக்குப் பின்னாலிருந்தும் வெளியே வந்துவிடும். வளைந்து வளைந்து சாகசம் செய்யச் சொல்லவில்லை. நிதானமாக ஒரு நகர்வு, அவ்வளவுதான்.

வேகத்தைக் குறைத்தாலும் இதே பலன். நொடிக்கு 15 மீட்டரை 10 ஆக்கிப் பார், இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் உடைந்துவிடும். நிற்க ஆகும் தூரமும் குறையும். உலர்ந்த சாலை, நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறத்தாழ 23 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டரில் 6 மீட்டர் போதும். வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகிறது! இதோடு இன்னொரு கணக்கையும் சேர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி போனாலும், 60இல் வருகிறவர் அதற்குள் 17 மீட்டர் ஓடியிருப்பார். அதனால்தான் நிதானமானவர்கள் சந்திப்பு வந்ததும் விரலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருப்பார்கள்.

அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு போவார்கள் தெரியுமா? கார்க்காரரின் கண்ணை அல்ல. கண் நம் பக்கம் திரும்பியிருப்பதாலேயே அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று சொல்ல முடியாது என்று இப்போது உனக்குத் தெரியும். அவர்கள் பார்ப்பது காரின் முன் சக்கரத்தை. உருளும் சக்கரத்தின் அடிப்பக்கம் தரையைத் தொடும் நொடியில் அசையாமல் நிற்கிறது. மேல்பக்கமோ காரின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. நின்றிருக்கும் கார் நகரத் தொடங்கினால், காரின் உடம்பில் தெரிவதற்கு முன்பே சக்கரத்தின் மேல்பக்கத்தில் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதையும் சக்கரம் சொல்லிவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த உண்மை. அடுத்த முறை சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரின் டயரைப் பார், நீயே கண்டுபிடிப்பாய்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தால், அதன் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு சந்திப்பைக் கடக்கக் கூடாது. எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்கு லோரி மட்டும்தான் தெரியும். லோரி போனதும் திரும்பிவிடுவார். லோரியை முன்னால் போகவிட்டு, அதற்கு நன்றாகப் பின்னால், வெளியே தெரிகிற இடத்துக்கு வர வேண்டும்.

பச்சை விழுந்ததும் முதலில் பாய்வதும் ஆபத்துதான். மோட்டார்கள் எல்லாம் வரிசையின் முன்னால் போய் நிற்கும். மறுபக்கத்தில் மஞ்சளைத் துரத்திக்கொண்டு வந்து சிவப்பில் கடக்கிற ஒருவர் இருந்தால், அவர் வழியில் முதலில் நிற்பது யார்? ஒரு மூச்சு விட்டு, இரண்டு பக்கமும் பார்த்துப் புறப்பட்டால் பள்ளி மணி அடித்துவிடாது.

"இதெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு. எனக்கு என்ன வேலை?" என்கிறாயா? உனக்கு 16 வயது ஆகும்வரை மோட்டார் உரிமம் கிடையாது. கம்பத்துச் சாலைதானே என்று யாராவது ஓட்டக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லு. ஆனால் பின்னால் உட்காருகிறவருக்கும் நிறைய வேலை இருக்கிறது. நீ சாய்ந்தால் மோட்டாரும் சாயும். அப்பா தடத்துக்குள் நகரும்போது நீ மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அவருடைய கணக்குக் கெட்டுவிடும். கால் இரண்டும் கால்மிதியில், கை இரண்டும் அப்பாவின் இடுப்பில். மழைக்கோட்டு வாங்கும்போது கறுப்பைக் கேட்காதே, எலுமிச்சை மஞ்சளைக் கேள். தம்பியை முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போவதைப் பார்த்தால், வேண்டாமே என்று அன்பாகச் சொல்லு.

தலைக்கவசம் மலேசியாவில் 1973 முதல் சட்டம். அதை மாட்டினால் மட்டும் போதாது. தரத்தைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்கிறதா பார். வாரை ‘கிளிக்’ என்று பூட்டு. தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், நாலு விரல் நுழைந்தால் தளர்வு. பிறகு தலையை வேகமாக ஆட்டிப் பார். கவசம் தனியாக ஆடினால் அது அண்ணனுடைய அளவு, உன்னுடையது அல்ல. இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிச் சின்ன அளவு வாங்கச் சொல்.